புது பேட் போட்டும் பின்னால் கீச் சத்தம்: சிவிக் பின் டிஸ்க் பிரேக்

4 நவம்பர் 2023, கேள்வி

"2010 மாடல் ஹோண்டா சிவிக், பெட்ரோல், மேனுவல். பின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது என்று போன மாதம் இரண்டு பக்கமும் மாற்றினேன். அதிலிருந்து மெதுவாகப் போகும்போது பின்னால் கீச்சென்று கத்துகிறது. பிரேக் பிடிப்பதில் குறை ஒன்றுமில்லை. மெக்கானிக்கைக் கேட்டால் 'புது பேட் சார், ஓட ஓட அடங்கிடும்' என்கிறார். அடங்கிய பாடில்லை. பேட் மட்டமான சரக்கா? வேறு கம்பெனி பேட் வாங்கிப் போட்டால் சரியாகுமா? வீடு திருவொற்றியூர்."

5 நவம்பர், காலை, பதில்

இப்போதைக்கு வேறு பேட் வாங்காதீர்கள். பேட்டே காரணமாக இருப்பதும் உண்டு, ஆனால் அதைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும். பின் டிஸ்க்கில் பேட் மாற்றிய கையோடு சத்தம் ஆரம்பித்தால், பெரும்பாலும் பேட் உட்காரும் இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

முதலில் சத்தத்தைக் கவனியுங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, மதில் சுவரை ஒட்டி 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகக் கேட்கும். பிரேக்கை மிதித்தால்தான் வருகிறதா, மிதித்தால் நிற்கிறதா? பாதி விடை இதிலேயே இருக்கிறது. மிதிக்காதபோது கத்தி, லேசாக மிதித்ததும் அடங்கினால் பேட் டிஸ்க்கை விட்டு விலகாமல் உரசிக்கொண்டே வருகிறது. மிதிக்கும்போது மட்டும் கத்தினால் அது பேட்டின் அதிர்வு. சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை 'ஷ்ஷ்... ஷ்ஷ்' என்றால் டிஸ்க் நேராக உட்காரவில்லை, இல்லையென்றால் டிஸ்க் ஓரத்தில் துரு வரம்பு கட்டியிருக்கிறது. ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்து பிரேக் போட்டதும் 'டக்'கென்று ஒரே ஒரு தட்டல் கேட்டால் பேட் தன் இடத்தில் ஆடுகிறது. காலையில் எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரத்துவிட்டு நின்றால், அது ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த துரு. அதற்கு வைத்தியமே வேண்டாம்.

சத்தம் பின்னாலிருந்துதான் வருகிறதா என்று உறுதி செய்ய ஒரு வழி: ஆளில்லாத நேரான ரோட்டில் மெதுவாக உருட்டிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை ஒன்றிரண்டு கிளிக் மட்டும் இழுங்கள், பட்டனை அமுக்கியபடி. சத்தம் மாறினால் பின் சக்கரம்தான்.

5 நவம்பர், இரவு

காலையில் அவசரத்தில் எழுதாமல் விட்டது இது. சிவிக் பின் காலிப்பரில், அதாவது பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் கவ்வியில், நான் முதலில் பார்ப்பது பேட்டைத் தள்ளும் பிஸ்டனைத்தான்.

நம் ஊரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் டிரம் பிரேக்தான். முன் டிஸ்க் பேட் மாற்றிப் பழகிய கை, பின் காலிப்பரையும் அதே மாதிரி சி கிளாம்ப் வைத்து நெருக்கப் பார்க்கும். முன் பிஸ்டன் அப்படி அமுக்கினால் உள்ளே போய்விடும். பின் பிஸ்டன் போகாது. ஹேண்ட் பிரேக்கின் திருகாணி அந்தப் பிஸ்டனுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கடிகாரச் சுற்றில் திருகித்தான் உள்ளே இறக்க வேண்டும். கிளாம்ப் வைத்து முரட்டுத்தனமாக அமுக்கினால் உள்ளே இருக்கும் பொறி கெடும். அப்புறம் காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான்.

திருகி இறக்கிய பிறகும் வேலை முடியவில்லை. பிஸ்டன் முகத்தைப் பாருங்கள், பள்ளங்கள் வெட்டியிருக்கும். உள்பக்க பேட்டின் முதுகில், இரும்புத் தகட்டில், சின்னதாக ஒரு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் குமிழ் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். உட்காராமல் விளிம்பில் ஏறி நின்றால் பேட் சாய்ந்தபடியே டிஸ்க்கை அழுத்தும். ஒரு முனை மட்டும் தேயும், உரசும், கத்தும். அதோடு, ஹேண்ட் பிரேக் இழுக்கும்போது பிஸ்டன் சுற்றாமல் பிடித்து வைப்பதும் இந்தக் குமிழ்தான். பிஸ்டன் சுற்றினால் தானாக அட்ஜஸ்ட் ஆகும் வேலை நின்றுபோய், ஹேண்ட் பிரேக் லிவர் மேலே மேலே ஏறும். பேட் மாற்றிய பிறகு லிவர் முன்பைவிட உயரமாக வருகிறதா என்று பாருங்கள்.

திருகும்போது பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறையும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய உறை கிழியும், தண்ணீர் உள்ளே போகும். திருகி முடித்ததும் உறை சுருக்கமில்லாமல் நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

6 நவம்பர்

கிளிப் மாற்றினார்களா? பேட்டின் இரண்டு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள், பேட்டைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் தகடு இருக்குமே, அது. பேட் டப்பாவில் வரவில்லையென்றால் பழையதையே மாட்டிவிடுவார்கள், சமயத்தில் மாட்டாமலும் விட்டுவிடுவார்கள். பேட்டின் முதுகில் ஒட்டியிருக்கும் ஷிம் தகடும் அப்படித்தான், பழைய பேட்டோடு குப்பைக்குப் போய்விடும்.

8 நவம்பர்

மிதிக்காதபோது கத்தி, மிதித்தால் நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பேட் விலகவில்லை. என் வண்டிக்கும் இதே கதைதான், விரிவாகவே சொல்கிறேன்.

என்னுடையதும் அதே தலைமுறை சிவிக். வீடு பெசன்ட் நகர், கடலிலிருந்து நடக்கும் தூரம். திருவொற்றியூரும் கடலோரம்தானே, அதனால் உங்களுக்கும் இது பொருந்தும். நான் விட்டிருந்த பட்டறையில் புது பேட் பிராக்கெட்டில் ஏறவில்லை என்று பேட்டின் காதுகளைக் கிரைண்டரில் தேய்த்து ஏற்றிவிட்டார்கள். வெளியே வந்ததும் கீச் சத்தம். திரும்பக் கொண்டுபோனால் பேட் முகத்தில் எமரி ஷீட் போட்டுத் தேய்த்து, ஓரத்தைச் சரிவாக வெட்டிக் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் அமைதி, அப்புறம் கீச்சோடு 'டக்'கும் சேர்ந்துகொண்டது.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் பார்க்கிங்கில் நானே கழற்றினேன். பிராக்கெட்டிலிருந்து அந்த ஸ்டீல் கிளிப்பை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்ததும் காரணம் கண்ணெதிரே தெரிந்தது. கிளிப் பளபளவென்று இருந்தது. அதன் அடியில் வார்ப்பு இரும்பு செதில் செதிலாகத் துரு கட்டி, அப்பளம் மாதிரி உப்பி நின்றது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அடியில் உப்பிய துரு கிளிப்பை உள்பக்கம் தள்ள, பேட் ஓடும் இடம் குறுகிவிட்டது. புது பேட் ஏறாததற்கும் அதுதான் காரணம், ஏறிய பேட் திரும்ப வராததற்கும் அதுதான்.

வயர் பிரஷ், அப்புறம் தட்டை அரம். பிராக்கெட்டில் துருவை மட்டும் எடுத்து, வெள்ளி நிறத்தில் இரும்பு தெரியும் வரை சுத்தம் செய்தேன். புது கிளிப் மாட்டி, காது வெட்டாத புது பேட்டை வைத்தால் விரலால் தள்ளவே சரசரவென்று நகர்ந்தது. அப்படித்தான் நகர வேண்டும். சுத்தியல் தட்டி ஏற்ற வேண்டிய பேட் திரும்ப விலகாது.

பிரேக் எண்ணெய் அழுத்தம் பேட்டைத் தள்ளத்தான் செய்யும், இழுக்காது. காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் வளையம், தான் முறுக்கிய அளவுக்கு மட்டும் பிஸ்டனைப் பின்னால் இழுக்கும். அது ஒரு மில்லிமீட்டரில் சின்ன பங்கு. அந்தத் துளி அசைவுக்கு இடம் கொடுக்காத பிராக்கெட்டில் எந்தக் கம்பெனி பேட் போட்டாலும் கத்தத்தான் செய்யும்.

8 நவம்பர், சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். பேட்டை எந்தக் காரணத்துக்கும் தொடக்கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில பேட்களின் காதில் பெயின்ட் தடிப்பாக அப்பியிருக்கும். பிராக்கெட்டை நன்றாகச் சுத்தம் செய்த பிறகும் இறுக்கமாக இருந்தால் அந்தப் பெயின்ட்டை மட்டும் சுரண்டலாம். இரும்பு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கிரைண்டர் கூடவே கூடாது. காதில் அதிகமாக எடுத்துவிட்டால் பேட் ஆட ஆரம்பிக்கும், அந்த 'டக்' சத்தம் அங்கேதான் பிறக்கிறது.

9 நவம்பர்

நீங்களே கழற்றப் போகிறீர்கள் என்றால் பாதுகாப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பின் காலிப்பர் வேலைக்கு ஹேண்ட் பிரேக்கை இறக்கித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் உள்ளே போகாது. அப்போது வண்டியைப் பிடித்து வைக்க வேறு ஒன்றும் இருக்காது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், முதல் கியரில் போடுங்கள், ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டில் வண்டியை இறக்குங்கள். கழற்றிய காலிப்பரை ஹோஸில் தொங்க விடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள்.

பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும். மேலே வழிந்தால் பெயின்ட் உரியும். மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டே திருகுங்கள்.

பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். எந்தப் பேட்டில் என்ன கலந்திருக்கிறது என்று நமக்குத் தெரியாது. பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்து ஈரமாகவே துடைத்து எடுங்கள். வாயில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

9 நவம்பர், இரவு

தூசி என்றதும் நினைவுக்கு வந்தது. பிரேக் கத்துவது டிஸ்க் பிரேக் பிறந்த நாளிலிருந்தே இருக்கிற தொல்லை. 1902இல் இங்கிலாந்தில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். உலோகத்தோடு உலோகம் உரசியதால் அது போட்ட கூச்சல் தாங்க முடியவில்லை. 1907இல் ஹெர்பர்ட் ஃப்ரூட் ஆஸ்பெஸ்டாஸ் பட்டை வைத்துத்தான் அதை அடக்கினார். சத்தம் போனது, ஆனால் அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசிதான் பின்னாளில் நுரையீரலைக் கெடுப்பது என்று தெரிந்தது. இப்போது ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவைகள் வந்துவிட்டன. டிஸ்க் பிரேக்குக்குப் பெரிய பெயர் வந்தது 1953இல், ஜாகுவார் சி டைப் அதை வைத்துக்கொண்டு ல மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தபோது.

நம் சென்னையே பிரேக் ஊர்தான். பாடியில் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், அம்பத்தூரில் ரானே. அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால், பேட் கலவை பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். எனக்கு நிறையக் கேட்க வேண்டியிருக்கிறது.

11 நவம்பர்

கிரீஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இதில்தான் பாதிப் பட்டறைகளில் தப்பு நடக்கிறது. காலிப்பர் நகர்வதற்கு இரண்டு ஸ்லைடு பின்கள் இருக்கின்றன. அவற்றை வெளியே இழுத்துத் துடைத்து, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மெல்லிசாகத் தடவ வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் அதிலுள்ள பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊறி உப்பிவிடும். அன்றைக்கு நன்றாக நகரும், சில மாதம் போனால் ஸ்லைடு பின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். உள்பக்க பேட் தேய்ந்து வெளிப்பக்க பேட் புதுசாகவே இருந்தால் ஸ்லைடு பின் இறுகிவிட்டது என்று அர்த்தம். மேல் பின்னையும் கீழ் பின்னையும் இடம் மாற்றிப் போடாதீர்கள், கழற்றும்போதே தனித்தனியாக வையுங்கள்.

பேட்டின் முதுகுக்கும் ஷிம்முக்கும் நடுவே ஹோண்டா சொல்வது மாலிகோட் எம்77 பேஸ்ட். கிடைக்காவிட்டால் பிரேக் பேட்டுக்கென்றே விற்கும் பேஸ்ட் எது கிடைத்தாலும் போதும். துளியூண்டு போதும். பேட் முகத்திலோ டிஸ்க்கிலோ பட்டால் அந்தப் பேட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். சத்தத்தை அடக்குகிறேன் என்று டபிள்யூடி 40 அடிக்கிற பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

12 நவம்பர்

தீபாவளி வாழ்த்துகள். இன்று கழற்ற வேண்டாம், நாளை பார்த்துக்கொள்ளலாம்.

15 நவம்பர்

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது பக்கம் குமிழ் பள்ளத்தில் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் கீழ் கிளிப் இல்லவே இல்லை. பேட்டின் காது நேராகத் துருப்பிடித்த பிராக்கெட்டில் உரசிக்கொண்டிருக்கிறது, மேல் கிளிப்போ அடியில் துரு ஏறித் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு முனை சிக்கி மறு முனை ஆடினால் கத்தாமல் என்ன செய்யும்? கிளிப் செட் தனியாகவே கிடைக்கும், சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வலது பக்கத்துக்கும் சேர்த்து வாங்குங்கள். அங்கே கத்தவில்லை என்று விட்டுவிடாதீர்கள், அதே கை மாட்டியதுதானே.

டிஸ்க் படத்தில் வெளி ஓரத்தில் துரு வரம்பு தெரிகிறது. பழைய பேட் தொடாத விளிம்பு அது. புது பேட் கொஞ்சம் அகலமாக இருந்தாலும் அந்த வரம்பில் ஏறி உரசும்.

19 நவம்பர்

கீச் நின்றது, ஆனால் இப்போது சுற்றுக்கு ஒரு தடவை 'ஷ்ஷ்' மட்டும் மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல முன்னேற்றம். இனி டிஸ்க்கைப் பாருங்கள்.

டிஸ்க்கைப் பிடித்திருப்பது இரண்டு ஸ்டார் தலை ஸ்க்ரூ. சாதாரண ஸ்க்ரூ டிரைவர் போட்டால் தலை தேய்ந்துவிடும். சுத்தியலால் தட்டினால் சுற்றும் இம்பாக்ட் டிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள், விலை கம்மிதான். ஸ்க்ரூ வந்த பிறகும் டிஸ்க், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்போடு ஒட்டிக்கொண்டு வராது. டிஸ்க்கிலேயே மரை போட்ட இரண்டு துளை இருக்கும், 8 மில்லிமீட்டர் போல்ட் இரண்டை மாற்றி மாற்றி இறுக்கினால் தானாக வெளியே வரும். டிஸ்க்கைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்.

ஹப் முகத்தில் துரு மேடு இருக்கும். அதை வழித்தெடுக்காமல் டிஸ்க்கை மாட்டினால், டிஸ்க் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்து நிற்கும். நடுவில் ஒரு நூல் சாய்வு, விளிம்பில் பெரிதாகத் தெரியும். பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டமே அதிகம். டயல் கேஜ் இருக்கிற பட்டறை என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள். அப்படியே டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகரத்தையும் பாருங்கள். டயர் மாற்றும்போது கை பட்டு வளைந்திருந்தாலும், நடுவே சின்னக் கல் மாட்டியிருந்தாலும் இதே சத்தம்தான் வரும். கையால் நிமிர்த்தினால் போதும்.

19 நவம்பர், இரவு

டிஸ்க்கை லேத்தில் கொடுத்து ஸ்கிம்மிங் பண்ணலாமா, அதாவது முகத்தைச் சீவி மட்டமாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சிவிக் பின் டிஸ்க் புதிதாக 9 மில்லிமீட்டர், குறைந்தபட்சம் 8. அந்தக் குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், துருவைத் துடைத்தால் தெரியும். ஏற்கெனவே தேய்ந்தது போக மிச்சம் எவ்வளவு என்று மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வெர்னியர் வைத்தால் அந்த ஓர வரம்பையும் சேர்த்துக் காட்டும். என்னைக் கேட்டால், இவ்வளவு மெல்லிய டிஸ்க்கைச் சீவுவதைவிட இரண்டு பக்கமும் புதிதாகப் போடுவது மேல். வரம்பு மட்டும்தான் பிரச்சினை என்றால் விளிம்பை மட்டும் எடுத்தால் போதும்.

21 நவம்பர்

பேட்டை டிஸ்க்கோடு பழக்குவது பற்றி. 'ஓட ஓட அடங்கிடும்' என்று உங்கள் மெக்கானிக் சொன்னதில் ஒரு பங்கு உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் சும்மா ஓட்டினால் போதாது, முறை இருக்கிறது. காலியான ரோட்டில், பின்னால் வண்டி இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, 60இலிருந்து 15 வரை நிதானமாக அழுத்திக் குறையுங்கள். முழுதாக நிற்காதீர்கள். கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆற விடுங்கள், திரும்பவும் அதையே செய்யுங்கள். பத்து முறை போதும். சூடாக இருக்கும்போது சிக்னலில் நின்று பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட் கலவை அந்த ஒரு இடத்தில் மட்டும் திட்டாகப் படியும். விடியற்காலையில் செய்வதுதான் நல்லது.

பின் பிரேக்குக்கு இது ஏன் கூடுதலாகத் தேவை என்றால், பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்கிறது, முக்கால்வாசி வேலையை முன் பிரேக்கே செய்துவிடுகிறது. பின் பேட்டுக்குச் சூடே ஏறுவதில்லை. நகரத்திலேயே லேசாகத் தொட்டுத் தொட்டு ஓட்டுகிறவர்களுக்குப் பேட் முகம் கண்ணாடி மாதிரி மெருகேறிக் கத்த ஆரம்பிக்கும்.

26 நவம்பர்

மழைக்காலத்தில் இன்னொன்று. வண்டியைக் கழுவிவிட்டு ஈரத்தோடு ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தாதீர்கள். பேட்டும் டிஸ்க்கும் துருவால் ஒட்டிக்கொள்ளும், காலையில் எடுக்கும்போது 'டங்'கென்று விடுபடும். பேட் இருந்த இடம் டிஸ்க்கில் அச்சு விழும், அதுவே சுற்றுக்கு ஒரு சத்தமாக மாறும். ஒரு சுற்று ஓட்டி பிரேக்கை உலர்த்திவிட்டு, சமதளமாக இருந்தால் கியரில் போட்டு நிறுத்தினால் போதும்.

ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கியபோது காலிப்பரில் உள்ள லிவர் தன் முட்டுக்கு வந்து தொட வேண்டும். கேபிளை இறுக்கி வைத்திருந்தால் தொடாது, பேட் எப்போதும் பிடித்தபடியே ஓடும். லிவர் உயரமாக வருகிறதே என்று கேபிளை இறுக்குவதற்கு முன்னால் பிஸ்டன் பள்ளத்தைப் பாருங்கள், மேலே 5ஆம் தேதி எழுதியது இதற்காகத்தான்.

3 டிசம்பர்

இன்னொருவர் தன் டொயோட்டா கரோலா ஆல்டிஸுக்கு இதே மாதிரி இருக்கிறது என்றும், இரும்போடு இரும்பு உரசுகிற மாதிரி கர்ரென்று வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். அவருக்கு: இது வேறு விஷயம், இன்றே பாருங்கள். பேட் தேய்ந்து தகடு டிஸ்க்கைத் தொட்டிருக்கலாம். ஓட்டி வந்ததும் நான்கு சக்கரத்துக்கும் அருகில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். பின்னால் ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெடல் தொய்ந்து கீழே போனால் ஓட்டவே வேண்டாம், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஆல்டிஸிலும் பிஸ்டனைத் திருகித்தான் இறக்க வேண்டும், அதற்கும் குமிழ், பள்ளம் உண்டு. பட்டறையில் விடும்போது 'பின் பிஸ்டனைத் திருகுற டூல் இருக்கா?' என்று கேட்டுவிட்டே விடுங்கள். இல்லை என்றால் அடுத்த பட்டறை.

10 டிசம்பர்

புயல் மழையில் உங்கள் தெருவிலும் தண்ணீர் ஏறியது என்று படித்தேன். சக்கரத்தின் பாதி வரை தண்ணீரில் நின்ற வண்டி என்றால், அந்தப் புது கிளிப்பையும் ஸ்லைடு பின்னையும் இன்னொரு முறை கழற்றிப் பார்ப்பது நல்லது. பின்னின் ரப்பர் உறைக்குள் சேறு போயிருந்தால் கிரீஸ் சாம்பல் நிறமாகியிருக்கும். துடைத்துவிட்டுப் புதிதாகத் தடவுங்கள். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் காலிப்பர் போல்ட்டை 23 நியூட்டன் மீட்டர், வீல் நட்டை 108 வரை இறுக்குங்கள். காலிப்பர் போல்ட் சின்னது, பைப் போட்டு நெம்பி இறுக்கினால் மரை போய்விடும்.